மழை பொய்த்த வாரங்களின் விலை: நெப்ராஸ்காவின் செர்ரி கவுண்டியில் மாட்டுப் பண்ணையாளருக்கு வரும் அரசுப் பணத்தைக் கணக்கிட்டுப் படிக்கும் முறை

அமெரிக்கப் பண்ணை மானியம் என்றவுடன் மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி ஆகியவற்றின் விலை விழும்போது அரசு ஈடுசெய்யும் தொகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இறைச்சிக்காக மாடு வளர்ப்பவருக்கு அப்படித் தானாகவே விலையை ஈடுசெய்யும் நிரந்தரத் திட்டம் அந்நாட்டுப் பண்ணைச் சட்டத்தில் இல்லை. விலைக்குக் காப்பீடு வேண்டுமானால் அவரே பிரீமியம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு வறட்சிக்குப் பின்னரும் மேய்ச்சல் பகுதிகளுக்குப் பெருந்தொகை போய்ச் சேர்கிறது. அந்தப் பணம் மாட்டுக்காகத் தரப்படுவதில்லை. முளைக்காத புல்லுக்காகத் தரப்படுகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

ஒரு குறிப்பிட்ட கவுண்டியை, அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மாட்டுப் பண்ணையாளர்களுக்கு எவ்வளவு பணம், எந்தக் கணக்கில், யார் வழியாக வருகிறது என்று தாமே கணித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இவ்வழிகாட்டி பயன்படும். எடுத்துக்காட்டாக நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். வேறு கவுண்டியானாலும் வரிசை இதுவே.

முதல் படி: நிலத்தையும் மந்தையையும் அறிதல்

மானியப் பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்த ஊரின் ஓராண்டுச் சுழற்சியைத் தெரிந்துகொள்ளுங்கள். செர்ரி கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி ஐயாயிரத்துச் சொச்சம். தலைநகர் வாலன்டைன். கவுண்டியின் கிழக்குப் பகுதி ஒரு நேர மண்டலத்திலும் மேற்குப் பகுதி வேறொரு நேர மண்டலத்திலும் இருப்பதால், அங்குள்ள வேளாண் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பவர் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

நிலம் சாண்ட்ஹில்ஸ் எனப்படும் மணற்குன்றுப் பகுதி. மெல்லிய புல்வேர்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏர் பட்டால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். அமெரிக்க அரசு குடியேறியோருக்கு வழக்கமாக 160 ஏக்கர் கொடுத்துவந்த காலத்தில், இந்தப் பகுதிக்கு அது போதாது என்று கண்டு, 1904-ஆம் ஆண்டின் கின்கெய்டு சட்டத்தால் 640 ஏக்கர் வரை கொடுத்தது. அதுவும் போதவில்லை, பலர் விற்றுவிட்டுப் போனார்கள், மிஞ்சியவர்களின் பண்ணைகள் ஆயிரக்கணக்கான ஏக்கர்களாக விரிந்தன. இறைச்சிக் கன்று ஈனும் தாய்ப்பசுக்களின் எண்ணிக்கையில் இன்று நாட்டின் முன்னணிக் கவுண்டி இதுதான்.

வசந்தத்தில் கன்று ஈனும். கோடை முழுவதும் தாயும் கன்றும் மேயும். தாழ்வான ஈரப் புல்வெளிகளில் குளிர்காலத்துக்கான புல்லை அறுத்துக் காயவைத்துச் சுருட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் கன்றுகள் சந்தைக்குப் போகும். ஆண்டுக்கு ஒரே வருமானம் அந்தக் கன்றுகள்தான். கோடை மழை பொய்த்தால் பண்ணையாளருக்கு இரண்டே வழி: காய்ந்த புல்லை விலைகொடுத்து வாங்குவது, அல்லது பல ஆண்டுகளாகத் தேர்ந்து சேர்த்த தாய்ப்பசுக்களை விற்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் போவதால் புல் விலை ஏறும், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் போவதால் பசு விலை இறங்கும். அரசுத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன.

இரண்டாம் படி: மூன்று வாசல்களைப் பிரித்தறிதல்

பணம் வேளாண் துறையின் மூன்று கிளைகள் வழியாக வருகிறது. முதலாவது, எஃப்.எஸ்.ஏ. எனப்படும் பண்ணைச் சேவை முகமை. வறட்சி உதவியும் கால்நடை இறப்புக்கான ஈடும் நிலத்தைப் பாதுகாப்புக்கு ஒப்படைப்பதற்கான ஆண்டு வாடகையும் இதன் பொறுப்பு. இரண்டாவது, இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. கிணறு, நீர்க்குழாய், வேலி, புல்வெளியில் பரவும் சீடர் எனப்படும் ஊசியிலை மரங்களை அகற்றுதல் ஆகியவற்றின் செலவில் ஒரு பங்கை ஏற்கும். இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருக்கும். மூன்றாவது, இடர் மேலாண்மை முகமை. இதற்குக் கவுண்டியில் பலகைகூட இருக்காது. தனியார் காப்பீட்டு முகவர்கள் வழியாகவே இது செயல்படுகிறது, ஆனால் பிரீமியத்தின் பெரும்பங்கை அரசுதான் கட்டுகிறது.

வெளியிலிருந்து ஆராய்பவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். முதல் வாசலின் பட்டியல் பெயர் வாரியாகக் கிடைக்கிறது; மூன்றாம் வாசலில் பெயர் கிடைக்காது. கிடைப்பதை மட்டும் கூட்டி, அதுவே முழுத்தொகை என்று எழுதிவிடுகிறார்கள்.

மேய்ச்சலுக்கான கூட்டரசு (மத்திய அரசு) நிலத்தின் மலிவு வாடகையையும் மானியமாகக் கருதுவோர் உண்டு. மேற்கத்திய மாநிலங்கள் பதினாறில், ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான கட்டணம் 2019 முதல் 2025 வரை 1.35 டாலராகவே இருந்தது. தனியார் நிலத்தில் அதே மேய்ச்சலுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும். நெவாடாவிலோ ஓரிகானிலோ ஒரு கவுண்டியை எடுத்திருந்தால் இதுவே கட்டுரையின் மையமாகியிருக்கும். செர்ரி கவுண்டியில் சாமுவேல் மெக்கெல்வி தேசிய வனம் போன்ற சில கூட்டரசு நிலங்கள் இருந்தாலும், பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் இதை இத்துடன் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: வறட்சி வரைபடத்தில் வாரங்களை எண்ணுதல்

மாட்டுப் பண்ணையாளருக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டங்களுள் தலையாயது கால்நடைத் தீவனப் பேரிடர்த் திட்டம். அதன் ஆங்கிலச் சுருக்கப்படி எல்.எஃப்.பி. என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இதில் அதிகாரி யாரும் புல்வெளிக்கு வந்து பார்த்து முடிவுசெய்வதில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியாகும் அமெரிக்க வறட்சி வரைபடம்தான் முடிவுசெய்கிறது. 1999-இல் தொடங்கிய இந்த வரைபடத்தை வேளாண் துறை, வானிலை மற்றும் கடலாய்வு அமைப்பு ஆகியவற்றுடன் சேர்ந்து தயாரிக்கும் தேசிய வறட்சித் தணிப்பு மையம், நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனில், மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. வரைபடத்தில் டி0 என்பது வழக்கத்தைவிட வறண்ட நிலை. டி1 மிதமான வறட்சி, டி2 கடும் வறட்சி, டி3 மிகக் கடும் வறட்சி, டி4 அரிதினும் அரிதான வறட்சி.

பழைய வாரங்களின் தரவு முழுவதும் இணையத்தில் கவுண்டி வாரியாகக் கிடைக்கிறது. நீங்கள் ஆராயும் ஆண்டுக்குரிய வாரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே கவுண்டியின் எந்த மூலையிலாவது எட்டிய மிக உயர்ந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், அந்தக் கவுண்டியில் அந்த வகைப் புல்லுக்கென அறிவிக்கப்பட்ட இயல்பான மேய்ச்சல் காலத்துக்கு வெளியே விழும் வாரங்களை அடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் எவ்வளவு வறண்டாலும் மேய்ச்சல் காலப் புல்லுக்கு அது கணக்கில் வராது.

மிஞ்சிய வாரங்களை இப்படிப் படிக்க வேண்டும். டி3 ஒரு முறை தொட்டாலே மூன்று மாதத்துக்கான தொகை. டி3 நான்கு வாரங்கள் இருந்தாலோ, டி4 ஒரு முறை தொட்டாலோ, நான்கு மாதத் தொகை. டி4 நான்கு வாரங்கள் இருந்தால் ஐந்து மாதத் தொகை. அதற்கு மேல் இல்லை. இந்த வாரங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. டி2 மட்டும் தொடர்ச்சியைக் கேட்கிறது: 2025-க்கு முன்பு எட்டு வாரங்கள் இடைவிடாமல் நீடித்தால் ஒரு மாதத் தொகை கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இதைத் தளர்த்தி, தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு ஒரு மாதம் என்றும், அடுத்தடுத்த எட்டு வாரங்களில் ஏழு வாரங்கள் இருந்தால் இரண்டு மாதம் என்றும் ஆக்கியது. ஆகவே 2025-க்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிடும்போது, வறட்சி கூடியதா, விதி மாறியதா என்று பிரித்துப் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது.

‘கவுண்டியின் எந்த மூலையிலாவது’ என்று மேலே சொன்னதை மீண்டும் கவனியுங்கள். 6,000 சதுர மைல் கவுண்டியின் தென்மேற்கு மூலையில் ஒரு சிறு துண்டு டி3 நிறத்தை எட்டினால், வடகிழக்கில் நல்ல மழை பெற்றவரும் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். அதேவேளை கவுண்டிக் கோட்டுக்கு அப்பால், ஒரே வேலியைப் பகிரும் பக்கத்துப் பண்ணை இருக்கும் கவுண்டி வெறும் டி2-இல் ஓரிரு வாரங்களோடு நின்றுபோனால், அந்தப் பண்ணையாளருக்கு ஒன்றுமில்லை. பரப்பில் பெரிய கவுண்டிகளுக்கு இந்த விதி சாதகமானது என்பது என் கருத்து. கோட்டின் தவறான பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் இன்னும் கடுமையான சொல்லில் சொல்வார். வரைபடத்தை வரைபவர்கள் மழையளவு, மண்ணீரம், ஓடைநீர் எனப் பல அளவைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். களத்திலிருந்து பண்ணையாளர்கள் அனுப்பும் நிலைக் குறிப்புகளையும் படங்களையும் பெறுவதற்கு ஒரு முறையான வழியும் உண்டு. ஒரு வாரத்தின் நிறம் பல ஆயிரம் டாலர் மதிப்புடையதாக இருக்கும்போது அந்தக் குறிப்புகள் அனுப்பப்படுவதில் வியப்பில்லை.

நான்காம் படி: ஒரு மந்தைக்குக் கணக்குப் போடுதல்

ஒரு பசுவுக்கு ஒரு மாதத் தீவனச் செலவு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வேளாண் துறை நிர்ணயிக்கிறது. அதில் 60 விழுக்காடுதான் தொகையாகக் கிடைக்கும். வளராத கன்றுகளுக்கு எடைக்கேற்பக் குறைந்த விகிதம். வறட்சியால் முந்திய இரண்டு ஆண்டுகளில் விற்கப்பட்ட மாடுகளுக்கும் தொகை உண்டு, ஆனால் அது கைவசமுள்ள மாட்டுக்குரிய தொகையில் 80 விழுக்காடு.

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மாதச் செலவை 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஆண்டு விகிதத்தை நீங்கள் அந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம். 60 விழுக்காடு என்றால் 48 டாலர். 300 பசுக்கள் உள்ளவருக்கு, மூன்று மாதத் தகுதி கிடைத்த ஆண்டில், 300 பெருக்கல் 48 பெருக்கல் 3, அதாவது 43,200 டாலர்.

இத்துடன் நிறுத்திவிட்டால் தொகை மிகையாகிவிடும். மாடுகளின் எண்ணிக்கைப்படி ஒரு கணக்கும், மேய்ச்சல் நிலம் தாங்கக்கூடிய அளவின்படி இன்னொரு கணக்கும் போட்டு, இரண்டில் எது குறைவோ அதையே எஃப்.எஸ்.ஏ. கொடுக்கும். ஒரு பசுவுக்கு எத்தனை ஏக்கர் தேவை என்பதைக் கவுண்டி வாரியாகவும் புல் வகை வாரியாகவும் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். நம் 300 பசுக்காரரின் நிலம் 200 பசுக்களை மட்டுமே தாங்கும் என்று அந்த அட்டவணை சொன்னால், தொகை 28,800 டாலராகக் குறைந்துவிடும். ஆகவே மாட்டுக் கணக்கெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டியின் மொத்தத் தொகையைக் கணிக்கக் கூடாது. தீவனக் கொட்டகையில் அடைத்துக் கொழுக்கவைக்கும் மாடுகளும் இதில் சேரா. நெப்ராஸ்காவில் அத்தகைய கொட்டகைகள் மிகுதி என்பதால் மாநில அளவிலான மாட்டு எண்ணிக்கை உங்களை எளிதில் ஏமாற்றிவிடும்.

அடுத்தது உச்சவரம்பு. ஒரு நபருக்கு ஓராண்டில் எல்.எஃப்.பி. வழியாக 125,000 டாலருக்கு மேல் கிடைக்காது. மேற்சொன்ன 48 டாலர் விகிதத்தில், 600 பசுக்களும் ஐந்து மாதத் தகுதியும் சேர்ந்தால் 144,000 டாலர் வருகிறது. அதில் 19,000 டாலர் வரம்பில் வெட்டுப்படும். மூன்றாண்டுச் சராசரி வருமானம் 900,000 டாலரைத் தாண்டினால் தகுதியே இல்லை என்பது பொதுவிதி. வருமானத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் விவசாயத்திலிருந்தே வருபவர்களுக்குச் சில திட்டங்களில் 2025 சட்டம் விலக்கு அளித்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டரசின் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அண்மை ஆண்டுகளில் 5.7 விழுக்காடு கழிக்கப்படுகிறது. உங்கள் கணக்குக்கும் பட்டியலில் உள்ள தொகைக்கும் இடையே சிறு வேறுபாடு தெரிந்தால் முதலில் இந்தக் கழிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கோப்பில் என்னென்ன இருக்கிறது என்று அறிதல்

வறட்சி எல்லோருக்கும் பொது. பணம் கோப்பு வைத்திருப்பவருக்கு மட்டும். விண்ணப்பப் படிவம் சி.சி.சி. 853. அது ஒன்றும் பெரிதில்லை. அதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டியவைதான் பலரைத் தடுக்கின்றன: பண்ணையை யார் யார் எந்தப் பங்கில் நடத்துகிறார்கள் என்ற அறிக்கை, வருமான வரம்புச் சான்று, அரிக்கக்கூடிய நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் கெடுக்கவில்லை என்ற உறுதிமொழி, மேய்ச்சல் நிலத்தின் ஏக்கர் அறிக்கை. இவற்றுடன் மாடுகள் தம்முடையவை என்பதற்கான பதிவேடும், நிலம் குத்தகையானால் குத்தகை ஒப்பந்தமும். வறட்சி தகுதிநிலையை எட்டுவதற்கு 60 நாள்களுக்கு முன்பே மாடுகள் அவர் வசம் இருந்திருக்க வேண்டும் என்பதால், வறட்சி வந்த பிறகு மலிவாக வாங்கிச் சேர்த்த மாடுகளுக்குத் தொகை இல்லை.

குத்தகை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலத்துக்குப் பணமாக வாடகை கொடுத்து மேய்ப்பவர் தகுதியுடையவர். மாடு எவ்வளவு எடை கூடியதோ அதற்கேற்ப நிலக்காரருக்குக் கூலி என்று ஒப்பந்தம் செய்துகொண்டவர் தகுதியற்றவர். புல் முளைக்காவிட்டால் எடை கூடாது, எடை கூடாவிட்டால் கூலியும் இல்லை, ஆகவே புல்லின் இழப்பு அவருடையதல்ல என்பது அதன் தர்க்கம். ஒரே மேய்ச்சல், இரண்டு விதமான எழுத்து. ஒன்றுக்குப் பணம், மற்றதற்கு இல்லை.

விண்ணப்பத்துக்கான கடைசி நாள் முன்பு அடுத்த ஆண்டின் சனவரி இறுதியாக இருந்தது. அண்மையில் மார்ச் 1 ஆக மாற்றப்பட்டுள்ளது. முடிவை எடுப்பதில் கவுண்டிக் குழுவுக்கும் பங்கு உண்டு. உள்ளூர் விவசாயிகள் தங்களுக்குள்ளிருந்தே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு அது. உறுப்பினர் பதவிக்காலம் மூன்றாண்டு. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அக்கம்பக்கத்தார் விண்ணப்பத்தை அக்கம்பக்கத்தாரே பார்ப்பது, பொய்க் கணக்குக்கு ஒரு தடை என்றும் சொல்லலாம், சங்கடம் என்றும் சொல்லலாம்.

ஆறாம் படி: இறந்த மாடுகளுக்கான ஈட்டைத் தனியே பார்த்தல்

பனிப்புயல், வெள்ளம், இடி, கடும் வெப்பம் ஆகியவற்றால் மாடு இறந்தால் கால்நடை ஈட்டுத் திட்டம் அதன் சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டைத் தருகிறது. எந்த மந்தையிலும் ஆண்டுதோறும் சில மாடுகள் இறக்கவே செய்யும் என்பதால், அந்த இயல்பான இறப்புக்கு மேற்பட்டவற்றுக்கே தொகை. கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பிலுள்ள ஓநாய் போன்ற விலங்குகள் கொன்றவற்றுக்கு 2025 சட்டம் விகிதத்தை 100 விழுக்காடாக உயர்த்தியது. நீரை லாரியில் கொண்டுசெல்லும் செலவுக்கும் தீவனத்தை ஏற்றிவரும் செலவுக்கும் இன்னொரு சிறு திட்டம் உதவுகிறது. தேனீப் பெட்டிகளும் பண்ணை மீன்களும்கூட அந்தத் திட்டத்துக்குள் வருவதால், கவுண்டித் தொகையில் அதன் பங்கை முழுவதும் மாட்டுக்கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இந்தத் திட்டங்கள் எப்போதும் இருந்தவை அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய ஆண்டுகளைப் படிக்க இயலாது. 2008 பண்ணைச் சட்டம் கொண்டுவந்த கால்நடைப் பேரிடர்த் திட்டங்கள் 2011 செப்டம்பர் 30-உடன் காலாவதியாயின. அடுத்த ஆண்டே, 2012-இல், நெப்ராஸ்காவின் பெரும்பகுதி டி4 நிலைக்குப் போயிற்று. பண்ணையாளர்கள் பசுக்களை விற்றார்கள், கொடுக்கத் திட்டமில்லை. 2013 அக்டோபர் தொடக்கத்தில் வடக்கே தெற்கு டகோடாவின் மேற்குப் பகுதியில் அட்லஸ் பனிப்புயல் அடித்து, குளிர்கால உரோமம் இன்னும் வளராதிருந்த மாடுகள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அப்போது திட்டமும் இல்லை. கூட்டரசு நிதி ஒதுக்கீடின்றி முடங்கியிருந்ததால் எஃப்.எஸ்.ஏ. அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. இறந்த மாடுகளைப் படம் எடுத்து, எண்ணிக்கையை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான் அவர்கள் செய்ய முடிந்தது. 2014 பிப்ரவரியில் கையெழுத்தான பண்ணைச் சட்டம் இத்திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 முதல் முன்தேதியிட்டுச் செல்லும்படி செய்தது. ஏப்ரலில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

இதன் விளைவு பட்டியலில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். கொடிய வறட்சி ஆண்டான 2012-க்கு எதிரே ஏறக்குறைய வெறுமை. 2014-இல் தொகை வானளாவும். 2014-இல் செர்ரி கவுண்டியில் பெரும் பேரிடர் நிகழ்ந்தது என்று யாராவது எழுதினால் அவர் பணம் கொடுத்த ஆண்டையும் இழப்பு நேர்ந்த ஆண்டையும் குழப்பிக்கொண்டார் என்று பொருள்.

ஏழாம் படி: ஒருமுறை உதவிகளைக் கழித்தல்

நிரந்தரத் திட்டங்களின் மீது அவ்வப்போது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றமும் வேளாண் துறையும் ஒருமுறை உதவிகளைச் சேர்க்கின்றன. கொரோனா ஆண்டான 2020 இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு சனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே விற்கப்பட்ட 600 பவுண்டுக்குக் குறைந்த கன்று ஒன்றுக்கு 102 டாலரும், கொழுத்த இறைச்சி மாடு ஒன்றுக்கு 214 டாலரும் முதல் சுற்றில் வழங்கப்பட்டன. வசந்தத்தில் ஈன்று இலையுதிர் காலத்தில் விற்கும் செர்ரி கவுண்டிப் பண்ணையாளரிடம் அந்த மூன்று மாதங்களில் விற்க என்ன இருக்கும்? முந்திய ஆண்டுக் கன்றுகளைக் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்தவர்கள் பயன்பெற்றார்கள். இலையுதிர் காலத்திலேயே விற்றுவிட்டவர்களுக்குக் கையிருப்பு மாட்டுக்கான சிறுதொகைதான். இந்தக் குறையைப் பின்னர் வந்த இரண்டாம் சுற்று ஓரளவு ஈடுசெய்தது: இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை நீங்கலாக, கையிருப்பிலுள்ள மாடு ஒன்றுக்கு 55 டாலர்.

2021 வறட்சிக்காக 2022 வசந்தத்தில் கொடுக்கப்பட்ட அவசரக் கால்நடை நிவாரணம் இன்னும் எளிதாக நடந்தது. புதிய விண்ணப்பமே இல்லை; 2021-க்கு எல்.எஃப்.பி. பெற்றவரின் கோப்பை எடுத்து, அந்தத் தொகையில் 75 விழுக்காட்டை மேலும் அனுப்பிவிட்டார்கள். வரலாற்று நோக்கில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு 90 விழுக்காடு. ஐந்தாம் படியில் கோப்பைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவே காரணம்: முதல் திட்டத்தில் விண்ணப்பிக்காமல் விட்டவர் இரண்டாவதையும் இழந்தார். 2024 டிசம்பரில் நிறைவேறிய நிவாரணச் சட்டமும் ஏறத்தாழ 2,100 கோடி டாலர் பேரிடர் ஒதுக்கீட்டில் 200 கோடி வரை கால்நடைக்கென ஒதுக்கியது. ஆண்டு வாரியான வரைபடம் வரையும்போது இத்தொகைகளைத் தனி நிறத்தில் காட்டுங்கள். இல்லையேல் நிரந்தரத் திட்டம் ஏதோ வெறிபிடித்து ஏறியதுபோல் தோன்றும்.

எட்டாம் படி: மழைக் காப்பீட்டைத் தேடிப் பிடித்தல்

மேய்ச்சல் நிலத்துக்கான மழைக் காப்பீடு 2007-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. நாட்டை ஏறத்தாழ 17 மைலுக்கு 17 மைல் கட்டங்களாகப் பிரித்து, 1948 முதலான மழைத் தரவின் சராசரியை 100 என்று வைக்கிறார்கள். பண்ணையாளர் தம் நிலம் விழும் கட்டத்தையும், எந்த இரண்டிரண்டு மாதங்களுக்குக் காப்பு வேண்டும் என்பதையும், 70 முதல் 90 விழுக்காடு வரையிலான காப்பு அளவையும் முந்திய டிசம்பர் 1-க்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்தவரின் கட்டத்தில் அந்த இரு மாத மழைக் குறியீடு 60-ஆக வந்தால், பற்றாக்குறை 30. அதை 90-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அந்த இரு மாதங்களுக்கு அவர் வைத்த காப்புத்தொகை 9,000 டாலரானால் 3,000 டாலர் வரும். பிரீமியத்தில் பாதிக்கும் மேல் அரசு கட்டுகிறது.

இங்கும் புல்லை யாரும் பார்ப்பதில்லை. கட்டத்தின் மழைக் கணக்கு போதும். மேய்ச்சலுக்குப் பயனில்லாத குளிர்கால மாதங்களைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், புல்லைக் காப்பதைவிட ஈட்டுத்தொகை அடிக்கடி வரும் மாதங்களைத் தேடி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். திட்டத்தின் பலவீனம் இது என்றே நான் கருதுகிறேன். எல்.எஃப்.பி. பெறுவது இதற்குத் தடையில்லை, இது எல்.எஃப்.பி.க்குத் தடையில்லை, ஒரே வறட்சிக்கு இரண்டும் வரலாம். மேலும், 125,000 டாலர் வரம்பு இதற்குப் பொருந்தாது.

யார் எவ்வளவு பெற்றார் என்பதைச் சட்டம் வெளியிட அனுமதிப்பதில்லை. ஆனால் இடர் மேலாண்மை முகமை கவுண்டி வாரியாகவும் காப்பீட்டு வகை வாரியாகவும் ஏக்கர், மொத்தப் பிரீமியம், அரசின் பங்கு, வழங்கிய ஈடு ஆகியவற்றை வெளியிடுகிறது. அதில் மேய்ச்சல் நிலம் என்ற வரிசையை எடுத்து, வழங்கிய ஈட்டிலிருந்து பண்ணையாளர்கள் தாங்களே கட்டிய பிரீமியப் பங்கைக் கழியுங்கள். மிஞ்சுவதே அக்கவுண்டிக்கு அந்த ஆண்டில் நிகரமாக வந்த தொகை. நல்ல மழை ஆண்டில் அது எதிர்மறையாகவும் இருக்கும். அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தல்

கடைசியாகத்தான் பெயர்ப் பட்டியலுக்கு வர வேண்டும். எஃப்.எஸ்.ஏ. தன் கொடுப்பனவுக் கோப்புகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பு அவற்றைத் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. வரிசையில் முதலில் நிற்கும் பெயரைக் கண்டவுடன் முடிவுக்கு வரத் தோன்றும். அதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

அஞ்சல் முகவரியை வைத்துக் கவுண்டியைப் பிரித்திருக்கிறார்களா, நிலம் உள்ள இடத்தை வைத்தா என்று பாருங்கள். டென்வரில் குடியிருந்துகொண்டு செர்ரி கவுண்டியில் நிலம் வைத்திருப்பவர் ஒரு முறையில் தெரிவார், மறுமுறையில் காணாமல் போவார். ஒரே குடும்பம் தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும் மூன்று வரிசைகளில் இருக்கலாம். ஒரே வரிசையில் 125,000 டாலரைத் தாண்டிய எண் கண்ணில் பட்டால், விதிமீறல் என்று எழுதுவதற்கு முன், அந்தப் பெயர் கூட்டுப் பங்குடைமையா என்று பாருங்கள். பொதுப் பங்குடைமையில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு உண்டு. மூன்று சகோதரர்கள் சேர்ந்து நடத்தினால் 375,000 டாலர் வரை சட்டப்படியே வரலாம். வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனங்கள் முன்பு ஒரே நபராக எண்ணப்பட்டன. 2025 சட்டம் அவற்றையும் பங்குடைமைபோல் உறுப்பினர் வாரியாக எண்ண வழிசெய்தது. அதன் பின், அந்தத் தொகையில் இரண்டு திட்ட ஆண்டுகளின் பணம் ஒரே நாள்காட்டி ஆண்டில் வந்து சேர்ந்திருக்கிறதா, ஏழாம் படியில் கண்ட ஒருமுறை உதவி கலந்திருக்கிறதா என்று பிரியுங்கள். இத்தனையும் கழிந்த பிறகும் எண் பொருந்தவில்லையென்றால்தான் வாலன்டைனில் உள்ள அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். தனிநபரின் கோப்பைக் காட்ட மாட்டார்கள், ஆனால் அவ்வாண்டில் கவுண்டி எத்தனை மாதத் தகுதி பெற்றது, ஒரு பசுவுக்கு எத்தனை ஏக்கர் என்று வகுத்திருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.